வாட்சை அழித்து வாங்கிய பரிசு

17 வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு போட்டோவுக்கு 2023ல் எங்கள் கிளப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். அந்த சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு பதிவு போட்டிருக்க வேண்டும். தலைப்பு கூட யோசித்து வைத்திருந்தேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக் கொள்கிறேன்.

2006. வேலை நிமித்தம் அகமதாபாத் வந்து ரெண்டு வருடம் ஆகியிருந்தது. ஆபீசில் ஆணி பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், சேர்த்து வைத்த காசில் ஒரு நிக்கான் டி70 வாங்கினேன். 6 மெகாபிக்சல். இன்றைக்கு செல்போன் வைத்திருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணிநகர் தெருக்களில் நடந்தால் மனசுக்குள் பி.சி.ஸ்ரீராம் என்று நினைப்பு.

எங்கள் சொசைட்டி கேட்டுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். அதை வைத்திருந்தவரை எல்லாரும் காகா என்று கூப்பிடுவார்கள். குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா. (நம் ஊர் காக்காவை நினைத்து முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது.) அவருக்கு அப்போதே 60 வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வெயில், இலைகளுக்கு நடுவில் புகுந்து பக்கவாட்டில் அவர் முகத்தில் விழுந்தது. என் அரைகுறை ஹிந்தியில் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா காகா" என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். 50 மி.மீ லென்ஸில் ஏழு கிளிக். அடுத்த வாரம் 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதை பிளாஸ்டிக் கவரோடு வண்டியின் தகரத்தில் ஒட்டிக்கொண்டார்.

படம் இதுதான். காகா ஸ்டூலில் உட்கார்ந்து நேராக கேமராவைப் பார்க்கிறார். வலது கை கரிப்பெட்டியின் பிடி மேல். இடது கை முழங்கால் மேல், மணிக்கட்டில் ஒரு வாட்ச். பின்னால் மழைக்குக் கட்டிய நீல பிளாஸ்டிக் ஷீட், தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகள், மரத்தில் தொங்கும் ஒரு பால்பை. முகத்தில் லேசான சிரிப்பு. சிரிப்பு என்று கூட சொல்ல முடியாது, சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம்.

2008ல் இங்கே ஒரு போட்டோ கிளப்பில் சேர்ந்தேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த கிளப் சமாச்சாரம் நேற்று முளைத்தது இல்லை. பம்பாய், கல்கத்தா, மதராஸ் மூன்று ஊர்களிலும் 1850களிலேயே போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிவிட்டார்கள். கேமரா என்ற வஸ்துவே வந்து இருபது வருடம் ஆகாத காலம் அது. இன்றும் மாதம் ஒரு கூட்டம், ஒரு தலைப்பு, மூன்று நடுவர், ஆளுக்கு 5 மார்க், மொத்தம் 15. எங்கள் கிளப்பில் அப்படித்தான்.

காகாவின் படத்தை அனுப்பினேன். 15க்கு 8. நடுவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "முகம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீல ஷீட் கண்ணை இழுக்கிறது. வெள்ளைத் துணி வெளுத்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு ஒளிப்புள்ளி உறுத்துகிறது." மூன்றுமே சரியான குற்றச்சாட்டுதான். படத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

இனி 2023. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறிக் கொண்டிருந்தபோது அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. எங்கள் கிளப்பில் பரிசு வாங்காத படத்தை மறுபடி அனுப்பலாம். சரி, இத்தனை வருடத்தில் கற்ற வித்தையை இதில் காட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

நல்லவேளை, அன்றைக்கு ரா ஃபைலாக எடுத்திருந்தேன். ரா ஃபைல் என்பது கழுவாத நெகட்டிவ் மாதிரி. கழுவுகிற மருந்து நல்லதாக ஆக ஆக, அதே நெகட்டிவிலிருந்து கூடுதலாக விஷயம் வரும். 2006ல் வெளுத்துப் போனதாக நினைத்த சட்டைகளில் 2023 மென்பொருள் மடிப்புக் கோடுகளைக் கொண்டுவந்து காட்டியது. நிழலில் இருந்த புள்ளி புள்ளியான இரைச்சல் போன இடம் தெரியவில்லை. எனக்கே ஆச்சரியம். இந்த மட்டும் நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

நிறுத்தவில்லை. நான் செய்தது வரிசையாக:

1. கறுப்பு வெள்ளையாக்கினேன். நீல ஷீட் பிரச்சினை ஒரே சொடுக்கில் தீர்ந்தது.

2. ஆரஞ்சு ஸ்லைடரைக் கீழே இழுத்தேன். நம் ஊர்த் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்பில்தான் இருக்கிறது. அதைக் குறைத்தால் தோல் கறுக்கும், சுருக்கம் எல்லாம் உளியால் செதுக்கியது போல எழுந்து நிற்கும். சிவப்பு தெரியாத அந்தக் கால ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமில் எடுத்தால் முகம் இப்படித்தான் வரும்.

3. கிளாரிட்டியை 70 வரை ஏற்றினேன். இன்னும் பத்து வயது கூடியது, எனக்கில்லை, காகாவுக்கு.

4. பின்னணியை முழுக்கக் கறுப்பாக்கினேன். ஷீட், சட்டைகள், பால்பை, வேப்ப மரம் எல்லாம் இருட்டில் போயின.

5. மணிக்கட்டில் இருந்த அந்த ஒளிப்புள்ளி. வாட்சின் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. குளோன் ஸ்டாம்ப் எடுத்து நாலைந்து தடவினேன். வாட்ச் போய் வெறும் கை வந்தது. ரொம்ப சுத்தமான வேலை. பெருமையாகக் கூட இருந்தது.

6. 12க்கு 18 இன்ச் பிரிண்ட் போட வேண்டும். டி70 கொடுப்பது 3008க்கு 2000 பிக்சல். கணக்குப் போட்டால் இன்ச்சுக்கு 167 பிக்சல்தான் வருகிறது. ஐந்தடி தள்ளி நின்று பார்க்கிற பிரிண்டுக்கு அது போதும். ஆனாலும் ஆசை விடவில்லை. செயற்கை நுண்ணறிவில் படத்தைப் பெரிதாக்கும் ஒரு மென்பொருளிடம் கொடுத்தேன். அது இமை முடியை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தது. மூக்கின் மேல் துவாரங்களைப் போட்டுக் கொடுத்தது. அவை காகாவின் இமையும் இல்லை, மூக்கும் இல்லை. உலகத்தில் இருக்கிற லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் இப்படி இருக்கும்" என்று அது ஊகித்தது.

தலைப்பு: 'வறுமையின் வரிகள்'. ஆங்கிலத்தில் இன்னும் எடுப்பாக இருந்தது. 15க்கு 14. முதல் பரிசு.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "யாருப்பா போயிட்டாங்க?" என்றார். தங்கமணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீடுகளில் பெரிய சைஸ் கறுப்பு வெள்ளை முகம் சுவருக்கு வருவது எப்போது என்று உங்களுக்கே தெரியும். மாலை ஒன்றுதான் பாக்கி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிண்டை எடுத்துக்கொண்டு காகாவிடம் போனேன். வண்டியை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார், காகா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பரிசு வாங்கிய விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "கடீ கஹா(ங்) கயீ?"

வாட்ச் எங்கே போச்சு?

"வெளிச்சம் பட்டு மின்னியது காகா, அதனால்..." என்று இழுத்தேன். ம்ம் என்று தலையாட்டினார். கோபமெல்லாம் இல்லை. அது ஹெச்.எம்.டி ஜனதா வாட்ச் என்றும், இருபது வருட சர்வீசுக்கு மில்லில் கொடுத்தது என்றும் மகன்தான் சொன்னார். இந்த ஊரில் 1980களிலும் 90களிலும் துணி மில்கள் வரிசையாக மூடின. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஆட்டோவுக்கும், காய்கறி வண்டிக்கும், இஸ்திரி வண்டிக்கும் வந்தார்கள். காகாவும் அதில் ஒருவர். இத்தனை வருடமாக அவரிடம் சட்டை கொடுத்து வாங்குகிறேன், அவர் மில்லில் இருந்தவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து அந்த ஃபோல்டரைத் திறந்து ஏழு படத்தையும் வரிசையாகப் பார்த்தேன். முதல் ரெண்டு படத்தில் கையில் வாட்ச் இல்லை. மூன்றாவதிலிருந்து இருக்கிறது. ரெண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நாலு நிமிட இடைவெளி. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "ஏக் மினிட்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் இருந்த டப்பாவைத் திறந்து எதையோ எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கரிப்பெட்டியோடு வேலை செய்கிறவர், தினமும் வாட்ச் கட்ட மாட்டார். போட்டோவுக்காகக் கட்டினார்.

அதைத்தான் நான் நாலு தடவலில் அழித்தேன். மில்லில் இருபது வருடம் வேலை பார்த்த ஒரு மனுஷன், நான் எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்து எடுத்து மாட்டிய ஒரே பொருள் அது. அதை எடுத்துவிட்டு, தோலைக் கறுப்பாக்கி, சுருக்கத்தைக் கூட்டி, 'வறுமையின் வரிகள்' என்று பெயரும் வைத்தேன். வறுமை என்று அவர் என்னிடம் சொன்னாரா?

சரி, புலம்பல் போதும். இது சரியா தப்பா என்று வாதத்துக்கு வருவோம். கிளப் நண்பர்களிடம் பேசியபோது வந்த பதில்கள் மூன்று.

முதல் பதில்: "ரூல் படி தப்பில்லையே." உண்மைதான். வனவிலங்கு, பத்திரிகைப் படம் போன்ற பிரிவுகளில்தான் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பொதுப் பிரிவில் எல்லாம் நாமே எடுத்ததாக இருந்தால் வெட்டலாம், ஒட்டலாம். இமை முடியை மென்பொருள் போட்டது மட்டும் ரூல் படியும் இடிக்கும். மற்றபடி நான் பாஸ். ஆனால் ரூல் என்பது போட்டியாளர்களுக்குள் நியாயம் பார்க்க வந்தது. படத்தில் இருக்கிறவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற நியாயத்தை அது பார்க்காது. அவர்தான் போட்டியிலேயே இல்லையே.

இரண்டாவது பதில்: "காலங்காலமாக செய்வதுதானே." இதுவும் உண்மை. ஆன்சல் ஆடம்ஸ் 1941ல் எடுத்த ஹெர்னாண்டஸ் நிலவுப் படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வருடங்கள் போகப் போக அவர் போட்ட பிரிண்ட்களில் வானம் மேலும் மேலும் கறுத்துக்கொண்டே வந்தது. 1948ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே மறுபடி மருந்தில் போட்டு அழுத்தம் ஏற்றினார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் தொட்டு அம்மைத் தழும்பை மறைப்பார்கள். இறந்தவர் படத்தில் மூடிய கண்ணைத் திறந்து வரைந்து கொடுப்பார்கள். வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு எடுத்த கல்யாணப் படம் இல்லாத வீடு உண்டா? ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். ஆடம்ஸ் கறுப்பாக்கியது வானத்தை, அது யாரிடமும் புகார் சொல்லாது. ஸ்டூடியோக்காரர் மாற்றியது படத்தில் இருப்பவர் கேட்டபடி, அவருக்காக. நான் மாற்றியது நடுவருக்காக.

மூன்றாவது பதில்: "பெரிய ஆட்களே செய்கிறார்கள்." ஸ்டீவ் மெக்கரி விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். 2016ல் இத்தாலியில் ஒரு கண்காட்சியில் அவருடைய கியூபா படம் ஒன்றில் ஃபோட்டோஷாப் வேலை அரைகுறையாக நின்றிருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். பிறகு தோண்டத் தோண்ட, வேறு படங்களில் ஆட்களே காணாமல் போயிருந்தது தெரிந்தது. தன்னைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பார்க்காமல், படங்களால் கதை சொல்பவர் என்று பாருங்கள் என்றார் மெக்கரி. கதை சொல்லலாம், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கதை என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படிச் சொல்லிவிட்டுச் செய்தவரும் இருக்கிறார். ஓவியர் விவான் சுந்தரம். தன் தாத்தா உம்ராவ் சிங் ஷெர்கில் எடுத்த பழைய குடும்பப் படங்களை எடுத்து, பெரியம்மா அம்ரிதா ஷெர்கிலையும் தாத்தாவையும் வெவ்வேறு வருடங்களிலிருந்து கொண்டுவந்து, ஒரே அறையில் நிற்க வைத்து, 2001 வாக்கில் கம்ப்யூட்டரில் படத்தொகுப்பு செய்தார். அதற்கு அவர் வைத்த பெயரே 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா'. இது மறுபடி எடுத்தது என்று தலைப்பிலேயே இருக்கிறது. நான் செய்ததை விட நூறு மடங்கு வெட்டி ஒட்டியிருக்கிறார், யாரும் ஏமாறவில்லை.

ஆகவே பழைய போர்ட்ரெய்ட்டை எடுத்து மறுபடி வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. செய்யுங்கள். பழைய ரா ஃபைலுக்குள் நீங்கள் அன்றைக்குப் பார்க்காத வெளிச்சம் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். வெளிச்சத்தில் கை வையுங்கள், ஆளில் கை வைக்காதீர்கள்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் இவை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்:

* க்ராப், வெளிச்சம், கான்ட்ராஸ்ட், கறுப்பு வெள்ளை எல்லாம் என் இஷ்டம்.

* அவர் உடம்பில் இருப்பதும், அவர் எடுத்து மாட்டிக்கொண்டதும் அவர் இஷ்டம். மின்னினால் மின்னலைக் குறைக்கலாம், பொருளை எடுக்கக் கூடாது. வாட்ச் கண்ணாடியின் பிரகாசத்தை மட்டும் கொஞ்சம் இறக்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ரெண்டு நிமிட வேலை. செய்யத் தோன்றவில்லை.

* சுருக்கத்தைக் கூட்டும் முன், இதையே என் அப்பா படத்துக்குச் செய்வேனா என்று கேட்டுக்கொள்வது.

* இல்லாத விவரத்தை மென்பொருளிடம் வாங்குவதில்லை. மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும், அல்லது பிரிண்ட் சின்னதாகட்டும்.

* தலைப்பில் அவர் சொல்லாததை நான் சொல்வதில்லை.

* ஆள் இருக்கிற ஊரிலேயே நாம் இருந்தால், கிளப்புக்கு முன்னால் அவரிடம் காட்டுவது.

கிளப்புகளுக்கும் ஒரு கோரிக்கை. முழுப் பழியையும் நான் ஏற்க மாட்டேன், ஹி ஹி. கறுப்புப் பின்னணி, வெடித்த தோல், தலைப்பாகை, கண்ணில் சோகம். இந்த நாலும் இருந்தால் மார்க் விழுகிறது என்று எல்லா உறுப்பினருக்கும் தெரியும். அதனால்தான் நாடு முழுக்க எல்லா கிளப் சுவரிலும் ஒரே கிழவர் தொங்குகிறார். கட்ச்சில் எடுத்தாலும் கும்பகோணத்தில் எடுத்தாலும் அவர்தான். வருடத்துக்கு ஒரு போட்டியாவது 'மறுபடி செய்த படம்' என்று தனியாக வையுங்கள். முதலில் எடுத்ததையும் இப்போது செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். என்ன சேர்ந்தது, என்ன போனது என்று எடுத்தவரே நின்று சொல்லட்டும். என் படத்தை அப்படி மாட்டியிருந்தால், "வாட்ச் எங்கே" என்று காகாவுக்கு முன்னாலேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

இந்தப் பக்கம் பார்க்க வேண்டிய இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் போரிஸ் எல்டாக்சென் என்ற ஜெர்மன்காரர், சோனி உலகப் புகைப்பட விருதில் தன் படத்துக்குக் கிடைத்த பரிசை வேண்டாம் என்றார். பார்க்க 1940களில் எடுத்த பழைய போர்ட்ரெய்ட் மாதிரி இருந்தது, ரெண்டு பெண்கள். அப்படி ரெண்டு பேர் உலகத்திலேயே இல்லை, கம்ப்யூட்டர் உண்டாக்கியது. இல்லாத முகத்தையே இவ்வளவு அழகாகச் செய்யலாம் என்று ஆன பிறகு, கிளப்பில் நாம் கொண்டுபோய் வைக்கிற முகத்துக்கு இருக்கிற ஒரே மதிப்பு, அப்படி ஒருவர் இருந்தார், அன்றைக்கு அப்படி உட்கார்ந்தார் என்பதுதான். அதையும் நாமே தடவி அழித்துவிட்டால் கேமரா எதற்கு?

அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பரிசைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. கிளப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ரெண்டு பேர் கை தட்டினார்கள், ஒருவர் டீ குடிக்கப் போனார். பிறகு ரா ஃபைலைத் திரும்பவும் திறந்து, கலரிலேயே, வாட்சோடு, நீல ஷீட்டோடு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காகா வாங்கி மகனிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். வண்டித் தகரத்தில் இன்னும் அந்த பழைய 4க்கு 6தான், நிறம் பாதி போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த கலர் படத்தை வேறு ஊர் கிளப் ஒன்றின் போட்டிக்கு அனுப்பினேன். தலைப்பு 'காகா'. 15க்கு 9 வந்தது. மணிக்கட்டில் ஏதோ உறுத்துகிறது என்றார் நடுவர்.

உறுத்தட்டும். உங்கள் பழைய ஃபோல்டர்களில் இப்படி யாராவது இருக்கிறார்களா? திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.